அருவிப் பாதையில் பின்னால் வந்தவர்

தொண்ணூறுகளின் நடுவில் மெல்பேர்ண் மருத்துவமனை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. சிட்னியில், கிரவீன் பகுதியில் இருந்த அண்ணன் வீட்டிலிருந்து காரில் தனியாகப் புறப்பட்டேன். ஒரு பெண் அவ்வளவு தூரம் தனியே ஓட்டுவதா என்று அண்ணன் கடைசிவரை எதிர்த்தார். நான் கேட்கவில்லை. போதாததற்கு, நெடுஞ்சாலையை விட்டு விலகி, பிட்ஸ்ராய் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

அங்கே கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. வழியில் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லியிருந்ததால் அண்ணனைக் கூப்பிட்டேன். பேச்சு சண்டையில் முடிந்தது. இனி என்னைத் தேடவே வேண்டாம் என்று கத்திவிட்டு வைத்தேன். கைப்பையைக் காரிலேயே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கினேன்.

முதல் பார்வைமேடையில் நின்று பார்த்தபோது, விழுந்த தண்ணீர் பாதியிலேயே பனிமூட்டத்துக்குள் காணாமல் போனது. திரும்பினால், சற்றுத் தள்ளி ஒருவர். ஐம்பது வயதிருக்கும். நீல ஸ்வெட்டர், அலுவலகத்துக்குப் போடுகிற சப்பாத்து. எங்கள் ஆள், இலங்கைத் தமிழர் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் கண்ணில் பட்டதும் அறிவிப்புப் பலகையை வாசிக்கத் தொடங்கினார்.

நான் நடந்தால் அவரும் நடந்தார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்தேன். அவர் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன்தான் ஆள் வைத்திருக்கிறார் என்று தோன்றியது. சிட்னியில் மேய்ஸ் ஹில் கோயிலில் அண்ணனோடு நின்று கதைத்தவர் இவர்தானோ? காலையில் ஒரு வெள்ளைக் கார் வெகுநேரம் பின்னால் வரவில்லையா? வெள்ளைக் கார் இல்லாத சாலை எது என்று அப்போது யோசிக்கவில்லை. பாதையில் வேறு யாரையும் காணோம் என்றானபோது, அண்ணன் அனுப்பியவராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அருவி இரைச்சலில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

அடுத்த அருவியில் கம்பித் தடுப்பைப் பிடித்து, அடிவரை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது. கார்ச் சாவியை விரல்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு திரும்பினேன். அவர் மூச்சிரைக்க அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்குப் பின்னால வாறியளோ?" என்றேன்.

"ஓம், தங்கச்சி. வேணுமெண்டுதான் வந்தனான்."

"அண்ணை அனுப்பினவரோ?"

"எந்த அண்ணை?" என்று விழித்தார்.

பிறகு சொன்னார். தொலைபேசிக்காக எனக்குப் பின்னால் காத்து நின்றிருக்கிறார். நான் தமிழில் கத்தியது அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் விளங்கியிருக்கும்.

"பையையும் விட்டிட்டு அழுதுகொண்டு மலை விளிம்புக்குப் போறியள். பேசாமல் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகிறேன் என்றேன். எந்த மருத்துவமனை, எப்போது தொடக்கம், எங்கே தங்கப்போகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்வது மெய்யா என்று சோதித்தார் என்பது பிறகுதான் விளங்கியது. அப்போதோ, இதையெல்லாம் இவர் ஏன் அறிய வேண்டும் என்று எனக்கு மறுபடி சந்தேகம் பிடித்தது. பதில் சொல்வதை நிறுத்தினேன்.

நீங்கள் முன்னால் நடங்கள் என்று சொன்னேன். நடந்தார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார். நானும் இடைவெளியைக் குறைக்கவில்லை. கார் வரைக்கும் இருவரும் அப்படியே வந்து சேர்ந்தோம். தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன்.

நான் புறப்பட்டபின்பும் அவருடைய கார் பின்னால் வந்தது. நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் அது சிட்னிப் பக்கம் திரும்பியது. நான் கொஞ்சத் தூரம் போய், ஓரமாக நிறுத்தி, மறுபடி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்திருந்தேன். வரவில்லை. முன்பின் அறியாத ஒரு மனிதர் எனக்காக அந்தச் சப்பாத்தோடு சேற்றில் ஓடிவந்தது அப்போதுதான் மனதில் உறைத்தது.

சில மாதங்கள் கழித்து அண்ணனோடு சமாதானமானபோது இதைச் சொன்னேன். தான் யாரையும் அனுப்பவில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு, அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமலா வந்தாய் என்று என்னைத் திட்டினார்.