பூசல்ஹாம் காது கொடுக்கிறார்

திருப்புளியைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார் பூசல்ஹாம். கையில் இருந்தால் கண்ட திருகாணியையும் திருகத் தோன்றுமாம். பிறகு கண்ணை மூடி, தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். ஊசி இறங்கும்போதெல்லாம் இடது கை விரல் முழங்காலில் ஒரு தட்டு தட்டுகிறது. தையல் விட்டுப்போன இடத்தில் விரல் நின்றுவிடுகிறது.

மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். ஃபெஸ் நகரில் தோல் தைக்கும் பழைய மெஷின்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பை என்று ஒன்று கிடையாது. அங்கியின் முதுகில் தொங்கும் தலைமூடிக்குள்தான் எண்ணெய்க் குப்பி, ஊசிப் பொட்டலம், பாதி கடித்த ரொட்டி எல்லாம். மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்ள இடமில்லை. மனுஷர் நனைந்துகொண்டே போவார்.

இன்று பூட்ஸ் தைக்கும் தாமூவின் கடை. அவள் மாமனார் பிறப்பதற்கு முன்பே வந்த மெஷின், காலையிலிருந்து மூன்று தையலுக்கு ஒன்றை விழுங்குகிறது. நூலும் பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது. தாமூ ஊசியை மாற்றினாள். நூலை இறுக்கினாள், தளர்த்தினாள். அடி நூல் கட்டையைக் கழற்றித் துடைத்தாள். கடைசியில் உட்கார்ந்து அழுதாள்.

அழாமல் என்ன செய்வாள்? பூட்ஸுக்குச் சொல்லியிருந்த பத்தூலுக்கு இன்று மாலை கல்யாணம். அவளுக்கு இடது கால் நான்கு விரற்கடை குட்டை. பிறந்ததிலிருந்து அப்பா ஹம்மாதின் தோளைப் பிடித்தே நடந்தவள். மணமகன் வீட்டுக்கு மட்டும் யார் தோளும் வேண்டாம், தானாகவே நடந்து போவேன் என்று சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இடது அடியை உயர்த்திய இந்த பூட்ஸ். கணுக்கால் பட்டை ஒன்றுதான் பாக்கி. அது பிய்ந்தால் பெண் தெருவில் விழுவாள். கையால் தைக்கலாமென்றால் ஒரு நாள் பிடிக்கும்.

“மெஷினுக்கு என்னன்னு அப்புறம் பாக்கலாம், லல்லா,” என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொல்கிறார் பூசல்ஹாம். “நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறுச்சு? அதச் சொல்லு.”

தாமூ வாசலைப் பார்க்கிறாள். அங்கே ஹம்மாத் நிற்கிறார். சந்துச் சுவரோரம் ஆணியடித்து, அங்கிக் கரைகளுக்கு நூல் முறுக்குவது அவர் தொழில். மகள் பூட்ஸுக்குக் கடை நூலா என்று, தன் கையால் முறுக்கிய வெள்ளை நூலை நேற்று அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

பூசல்ஹாம் அந்த நூலைக் கட்டைவிரலில் வைத்துத் தன் பக்கமாக உருட்டுகிறார். இழைகள் பிரிந்து விரிகின்றன. ஹம்மாதின் முகம் செத்துப்போகிறது.

“நானா கெடுத்தேன்?”

“நூலுக்கு ஒரு குறையும் இல்ல, ஹம்மாத். கைத்தையலுக்கு ராஜா நூல். இந்த மாமியார் மெஷினுக்குத்தான் முறுக்கு மறுபக்கம் இருக்கணும். இல்லேன்னா ஒவ்வொரு குத்துக்கும் பிரிச்சுப் போட்டுடுவா. போய் புது இழை எடுத்து, உன் முறுக்குச் சக்கரத்தத் திருப்பிச் சுத்து.”

முப்பது வருஷமா ஒரே பக்கம் சுத்தின கை என்று முனகிக்கொண்டே ஹம்மாத் ஓடினார். கடை நூல் இரண்டு தெரு தள்ளிக் கிடைக்கும் என்பது தாமூவுக்குத் தெரியும், பூசல்ஹாமுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பா முறுக்கிய நூலே மகள் காலில் போகட்டும் என்று விட்டதற்காகவே பூசல்ஹாமை ஆயுசுக்கும் மறக்கக் கூடாது என்று தாமூ நினைத்துக்கொண்டாள்.

புது முறுக்கு நூல் வந்தது. மெஷின் ஒரு தையலைக்கூட விடவில்லை. பட்டை முடிந்ததும் தாமூ பூசல்ஹாமின் கைக்கு ஆயிரம் வாழ்த்துச் சொன்னாள். திருப்புளிக்கு இன்று வேலையே இல்லை என்றார் அவர்.

மாலைத் தொழுகை முடிந்து மேளம் கிளம்பியது. பத்தூல் கடையைத் தாண்டும்போது மேளக்காரர்களை நிறுத்தச் சொன்னாள். தன் காலடிச் சத்தத்தைத் தாமூ கேட்க வேண்டுமாம். ஹம்மாத் பழக்கத்தில் தோளைச் சாய்த்தபடி பக்கத்தில் வந்தார். அந்தத் தோளில் கை விழவில்லை.

கல் பாவிய சந்தில் பூட்ஸ் சத்தம் நகர்ந்தது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த பூசல்ஹாம் கண்ணை மூடிக்கொண்டார். முழங்காலில் அவர் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. சந்து முனை வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை.