உம்மா குடிக்காத பாபூனஜ்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மூத்தவள், ராத்தா, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஒரு வருடம் கழித்து, லீவில் வந்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியிடம் ஒரு பெரிய பெட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். உள்ளே காய்ந்த பூ. மேலே வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூவின் படம், அதைச் சுற்றி அரபு எழுத்து. பாபூனஜ் என்று பேர் சொன்ன அந்தப் பெண், செய்முறையும் சொன்னாள்: ஒரு கரண்டி பூவைச் சுடுதண்ணீரில் போட்டு, கொஞ்ச நேரம் மூடி வைத்து, வடித்து, உம்மா படுக்கப் போகுமுன் குடிக்க வேண்டும். நித்திரை வரும்.

ராத்தா போன நாளிலிருந்துதான் உம்மாவுக்கு நித்திரை இல்லாமல் போனது. ராத்தா போனது எனக்காக. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். வாப்பா உயிரோடில்லை, மௌத்தாகிவிட்டார். புருஷன் விட்டுப்போன ராத்தா, தங்கச்சிக்காவது ஒரு வீடு எழும்பட்டும் என்று கிளம்பிவிட்டாள். அதை என்னிடம் சொல்லிக்காட்ட எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கும் வாய் நீளம், திருப்பிக் கொடுப்பேன். ஆனால் காலையில் உம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்தால் வாயடைத்துப் போகும்.

பெட்டி கைக்கு வந்ததும் உம்மா செய்த முதல் வேலை, பே, அலிபு, பே, வாவு என்று எழுத்தெழுத்தாக ஓதியது. குர்ஆன் ஓதப் பழகிய எங்கள் எல்லாருக்கும் அரபு எழுத்துத் தெரியும். பொருள் ஒருவருக்கும் தெரியாது. ஓதி முடித்து, பெட்டியைக் கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, பட்டுத்துணியில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தார். அதோடு அது மக்கத்து மண்ணில் பூத்த பூவாகிவிட்டது. தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி வுழூச் செய்யாமல் தொட விடமாட்டார். தேயிலைப் பெட்டி மாதிரி இருக்கிறதே என்று நான் ஒருதரம் சொன்னதற்கு அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

செய்தி தெருவெங்கும் போயிற்று. வயிறு ஊதி அழும் பிள்ளைக்கு, தொண்டை நோவுக்கு, வாய்ப்புண்ணுக்கு என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். உம்மா பிஸ்மி சொல்லி மூன்று விரலால் கிள்ளியெடுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். தடிமனுக்கு ஆவி பிடித்தவர்கள் மூக்குத் திறந்தது என்றார்கள். மாதாந்த வயிற்றுக்குத்தில் சுருண்டு கிடந்த என்னையும் ஒருநாள் குடிக்க வைத்தார். வைக்கோலில் தேன் பட்டதுபோல ஒரு மணம், லேசான கசப்பு. சீனி போட்டால் குடிக்கலாம். குத்து முழுக்கப் போகவில்லை, ஆனால் இடுப்பு இளகி நிமிர முடிந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அந்தத் தண்ணீரால் கண் கழுவிய ஒருத்திக்கு மட்டும் இமை வீங்கி, சொறியச் சொறியக் கடி எடுத்தது. அவளுடைய நிய்யத், மனசின் எண்ணம், சரியில்லை என்று தெரு தீர்ப்புச் சொன்னது. எந்தப் பூவும் சிலருக்கு ஒத்துவராது என்று நான் சொன்னேன், யார் கேட்டார்கள்? காய்ச்சலில் துவண்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உம்மா பூவைத் தொடவே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் கொடுத்தவர் தான் மட்டும் ஒரு மிடறு குடிக்கவில்லை. பெட்டி பாதிக்குக் கீழே இறங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. நானே ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். ராத்தா அனுப்பியது உங்களுக்கா, ஊருக்கா என்று சத்தமும் போட்டேன். உம்மா கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"நானும் நித்திரையாப் போனா, அங்க அவளுக்கு ஆரு, மகள், ராவெல்லாம் கையேந்தித் துஆக் கேக்கிற?"

கோப்பை ஆறிப்போனது. கடைசியில் அதை நான்தான் குடித்தேன், அழுதுகொண்டே.

அடுத்த வருடம் ராத்தா திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். பகல் சோறு தின்று முடிந்ததும் உம்மா வுழூச் செய்துகொண்டு வந்து அலுமாரியைத் திறந்து, பட்டுத்துணியை அவிழ்த்தார். பெட்டியின் அடியில் ஒரு பிடி மிச்சமிருந்தது. ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அங்கே கடையில் தேயிலைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் பூ, மக்காவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள். அவள் இதற்குள் அரபு படித்திருந்தாள். உம்மா வழக்கமாக முத்தமிடும் வரியைத் தொட்டுப் பொருள் சொன்னாள். ஈரம் படாத இடத்தில் வைக்கவும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடே, இது நித்திரைக்கு நல்லதென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

ராத்தா பெட்டியை மூடினாள்.

"நான் குடிச்சுத்தான் உம்மா. போன புதுசில ஒரு நாளும் கண் மூடல்ல. வீட்டுக்காரிதான் ஊத்தித் தந்தா."

நல்லா நித்திரை கொள்கிறேன், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருந்தாள். அவற்றை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். எனக்கொரு வீடு எழும்புவதற்காக இரண்டு நாட்டில் இரண்டு பேர் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

உம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். மிச்சப் பூ முழுவதையும் கேத்தலில் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, வடித்து, சீனி கலந்து மூன்று கோப்பையில் ஊற்றினார். தானும் குடித்தார். ராத்தா பாயில் சாய்ந்தவள் அப்படியே உறங்கிப்போனாள். தலைமாட்டில் இருந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்த உம்மாவும் விசிறியோடே சரிந்துவிட்டார்.

பிற்பகல் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அந்தச் சத்தத்துக்கு உம்மா எழும்பாமல் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். தொழ இன்னும் நேரம் இருக்கிறது, பிறகு எழுப்பலாம் என்று விட்டுவிட்டு நான் மட்டும் தொழுதேன். துஆவுக்குக் கையேந்தினால் கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. யாருக்காகக் கேட்பேனோ அந்த இரண்டு பேரும் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.