திரைக்குப் பின்னால் நின்ற அக்கா

என் அக்கா ஒரு சோப்ரானோ. பெண் குரல்களிலேயே உச்சத்தில் பாடுகிறவளுக்கு அந்தப் பெயர். இசைக் கல்லூரியில் வருடக்கணக்கில் தொண்டையைத் தீட்டி, முதல் வகுப்பில் தேறி வந்தாள். வந்தவளுக்கு இந்த ஊர் கொடுத்த வேலைகளை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

முதலில் லிஃப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்லும் குரல். பிறகு பற்பசை விளம்பரத்தில் ஒரே ஒரு "ஆ". பேய்ப் படங்களில் கதாநாயகிக்குப் பதிலாக அலறியதும் அவள்தான். சொகுசுக் கப்பலில், முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வருடம் பாடினாள். ஒரு பணக்காரர் தன் நாயின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார். அதற்கும் போனாள். கடைசி வரை எழுந்து போகாமல் கேட்டது அந்த நாய் மட்டும்தான் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அம்மா அதற்கு மேல். அக்கா பாடிப் பழக ஆரம்பித்தால் போதும், ஜன்னல்களைச் சாத்துவாள். "பக்கத்து வீட்டுல, நாம யாரையோ போட்டு அடிக்கிறோம்னு நெனைக்கப் போறாங்கடி!" ஒரே ஒரு தடவை அம்மா தன் பாட்டை மேடையில் கேட்க வேண்டும், அக்காவுக்கு அதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

போன மாதம் பெரிய அரங்கின் மேனேஜர் போன் செய்தார். இசை நாடகத்தின் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். இப்படி நேர்ந்தால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகி மேடையில் வாயை மட்டும் அசைப்பாள். வேறொருத்தி ஓரத்தில் நின்று பாடுவாள். பாடுகிறவள் பெயரை முதலிலேயே அறிவித்துவிடுவார்கள். முடிந்ததும் அவளும் முன்னால் வந்து வணங்குவாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களிடம் எதையும் விளக்காமல், "இன்னைக்குப் பாடுறேன், ரெண்டு பேரும் வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் ஜனங்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். அக்காவைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அவரெல்லாம் ஒரு மனுஷன்!

முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, இது அக்கா குரல்" என்றேன்.

"சும்மா இருடி. அவ பின்னாடி கும்பல்ல எங்கயாவது நிப்பா" என்று அம்மா மேடையில் கண்ணால் துழாவினாள். பின்வரிசைக்காரர் உஷ் என்றார். கதாநாயகியோ மூச்சு வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் பாடுவதுபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கடைசியில் அரங்கமே எழுந்து கைதட்டியது. அவள் கொஞ்சமும் கூச்சமில்லாமல் குனிந்து குனிந்து பூங்கொத்துகளை வாங்கிக்கொண்டாள். அருவருப்பில் எனக்கு உடம்பு கூசியது.

பின்பக்க வராந்தாவில் அக்கா வியர்த்து வழிந்தபடி நின்றாள். அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தப் பொண்ணு பாடுனதக் கேட்டியாடி? உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. நீயும் ஒரு நாள் இந்த மாதிரி பாடணும்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"பாடுறேம்மா" என்றாள்.

அம்மா முன்னால் நடக்க, நான் அக்காவிடம் சீறினேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா நம்ப மாட்டா. நம்பாத அந்த மூஞ்சிய வேற நான் பாக்கணுமா?"