றோசலின் அக்காவின் உச்சி நகரம்

றோசலின் அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஸ்டுட்கார்ட் நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வீடும் தெரியும். குன்றின் மேல், படி ஏறி ஏறி மூச்சு முட்டிய பிறகு வரும் வீடு. மன்னாரில் பிறந்தவர், இங்கே ஜேர்மன் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் லத்தீனும் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நானும் அவரும் வரலாறு எடுத்தோம்.

ஒருமுறை பாடத்துக்காக, 'அக்ரோபோலிஸ் என்றால் மலைக்கோட்டை' என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா சிரித்தார்.

"கோட்டையை எங்கயிருந்து கொண்டு வந்தனீர்? அக்ரோஸ் எண்டா உச்சி. போலிஸ் எண்டா நகரம். அந்தச் சொல்லுக்குள்ள ஒரு மதிலும் இல்லை."

"பிறகேன் அக்கா கோட்டை எண்டு சொல்லுகினம்?"

"முதல்ல சனம் மேலதான் இருந்தது. ஊர் பெருத்துக் கீழ இறங்கினாப் பிறகு, மேல கோயிலும் மதிலும்தான் மிஞ்சினது. ஆனா எதிரி வந்தா எல்லாரும் திரும்ப ஏறி ஓடுவினம். அப்பிடி ஒரு இடம் இருந்தாத்தான் கீழ இருக்கிறவனுக்கு நித்திரை வரும்."

எனக்கு அதை விளக்கவே தேவையில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, நான் ஏறிப் போனது அந்தப் படிகளில்தான். ஒரு கேள்வி கேட்காமல் சோறு போட்டார். வழக்கறிஞரைச் சந்திக்க நேரம் எடுத்துத் தந்தார். வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, ஒன்றையும் என் கையில் வைத்தார். வதிவிட அனுமதி கிடைத்து நான் கீழே குடிபோன அன்று அதைத் திருப்பி நீட்டினேன்.

"வைச்சிரும். காலம் எப்பிடிப் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

முழங்கால் தேய்ந்த பிறகும், மகன் கெஞ்சியும், அவர் கீழே வரவில்லை. நாங்கள் எல்லோரும் அதைப் பிடிவாதம் என்றோம்.

அடக்கம் முடிந்து அந்த வீட்டில் கூடியிருந்தோம். வாடகை வீடு, ஒப்படைக்க வேண்டும். இந்த நாட்டில் ஒரு திறப்புக் குறைந்தாலும் வீட்டுக்காரர் பூட்டையே மாற்றிவிட்டுச் செலவை எங்கள் தலையில் கட்டுவார். மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அம்மா ஆருக்கும் திறப்புக் குடுத்தவவோ?"

நான் ஒருவன்தான் என்று நினைத்துப் பைக்குள் கை விட்டேன். அதற்குள் பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையைத் திறந்தாள். பிறகு கதவடியில் நின்ற பெரியவர். பிறகு இன்னும் பலர். மேசையில் திறப்புகள் குவிந்தன. மகன் அவற்றைப் பார்த்தபடியே நின்றான்.

"இதுக்குத்தான் அம்மா இறங்கேல்லை" என்று சொல்லி அழுதான். நாங்களும் அழுதோம்.

என் திறப்பும் அந்தக் குவியலில் போயிற்று. எனக்கென்று மிஞ்சியது அக்ரோபோலிஸ் என்ற சொல்லுக்கு அவர் சொல்லித் தந்த விளக்கம்தான். நான் இருப்பது குன்றில் அல்ல, நிலையத்துக்குப் பக்கத்துச் சமதரையில். இருந்தாலும் போன வாரம் என் வீட்டுத் திறப்புக்கு இன்னொன்று வெட்டுவித்து வைத்திருக்கிறேன். யாருக்கென்று இன்னும் தெரியாது.