ஒட்டுசுட்டானுக்கு ஒரு பங்குக் கார்

அக்காவின் கடிதம் இணுவிலுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய பிள்ளை பிறந்து எட்டு நாளாகிவிட்டது. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இது மூன்றாவது, பெண். "பிள்ளை சுகமாயிருக்கிறாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்குதில்லை. அம்மா ஒருக்கால் வந்தால் காணும்" என்று எழுதியிருந்தார். அத்தான் றோட்டு ஓவசியர். கிழமையில் நாலு நாள் காட்டுக்குள் கூலியாட்களோடு நிற்பவர். ஒட்டுசுட்டானில், காட்டை ஒட்டிய அந்த வீட்டில், அக்காவுக்குத் துணையென்று சொல்ல ஒருவரும் இல்லை.

கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் அம்மா எழுந்து போய் ஆட்டை அவிழ்த்தார். அன்றைக்கே அதை ஆறு ரூபாய்க்கு விற்றுவிட்டார்.

ரயிலில் மாங்குளம் வரை போகலாம். அங்கிருந்து பதினைந்து மைல் காட்டுப்பாதை, மாட்டுவண்டிதான். அம்மாவுக்கு முழங்கால் வாதம். அதோடு அந்தப் பாதையில் யானை மறிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். "காரிலை போவம்" என்றேன் நான். ஐயா இறந்தபின் வீட்டில் ஆண் என்று நான் ஒருவன். சீனியர் சோதனை எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, காரியம் ஒன்றைக் கையில் எடுத்தால் இருப்புக்கொள்ளாது. மருதனார்மடத்துக் கார்க்காரரிடம் ஓடினேன். போய் ஒரு நாள் நின்று வர முப்பது ரூபாய் கேட்டார். பாதி புறப்பட முதல், பாதி திரும்பி வந்து.

முப்பதுக்கு எங்கே போக? இரண்டு பொடியளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுக்கும் சம்பளம் மூன்று ரூபாயை முற்பணமாக வாங்கினேன். என் அகராதியை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தேன். ஆட்டோடு சேர்த்துப் பத்து. காரில் ஆறு பேர் இருக்கலாம், ஆளுக்கு ஐந்து. அம்மாவும் நானும் போக மிச்சம் நாலு இடத்தையும் விற்றால் தீர்ந்தது கணக்கு. வைகாசி நிறைநிலாப் பறுவம் கிட்டியிருந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்கள் அந்த வழியால்தான் போவார்கள். பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார் ஒருவரையும் அவருடைய மனைவியையும் பிடித்தேன். அவர்கள் மனைவியின் தங்கையையும் புருஷனையும் சேர்த்தார்கள். இதற்கு ஒன்பது நாள் பிடித்தது. ஒவ்வொரு நாளும் அம்மா, "இண்டைக்கு ஆரும் சரிவந்தினமோ?" என்று கேட்பார். நான் மைல், பெற்றோல், தண்ணீர் ஊற்ற நிற்கும் இடங்கள் எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். இருபது ரூபாய் கையில் வந்ததும் பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

விடிய முதல் கார் வந்தது. பின்னால் பொங்கல் பானையும் வெற்றிலைப் பெட்டியுமாக அவர்கள் இருந்தார்கள். அம்மா படியில் வைத்த காலை எடுத்தார்.

"ஆரடா உவையள்?" என்று மெல்லக் கேட்டார்.

"பொங்கலுக்குப் போறவை அம்மா. எங்களை அக்கா வீட்டிலை இறக்கிப்போட்டு, நாளைக்கு வரேக்கை ஏத்துவினம்."

அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ஏறி, மடியில் இருந்த பொட்டலத்தைச் சேலையால் மூடிக்கொண்டார்.

ஆனையிறவு தாண்டி வெயில் ஏறியது. பொட்டலத்திலிருந்து மிளகும் மல்லியும் மஞ்சளுமாக வாசம் எழுந்தது. சட்டம்பியாரின் மனைவி மூக்கை உறிஞ்சினார்.

"என்னணை, சரக்குத்தூளே? ஆர் பிள்ளைப்பெத்தது?"

பிள்ளை பெற்றவளுக்குத்தான் அந்தத் தூளில் கறி வைப்பார்கள். அம்மா மறைக்கவில்லை. "மகள்தான். இண்டைக்குப் பதினேழு" என்றார்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் தீட்டு; அதைத்தான் எங்கள் பக்கத்தில் துடக்கு என்போம்.

"டிறைவர், நிப்பாட்டும்," என்றார் சட்டம்பியார். "தம்பி, முப்பத்தொண்டு கழியாத துடக்கு வீட்டு வாசல்லை நிண்டிட்டே நாங்கள் அம்மாள் கோயிலுக்குப் போறது? இதைச் சொல்லாமல்தானே எங்களிட்டைக் காசு வாங்கினனீர்?"

"நான் அதை யோசிக்கேல்லை ஐயா."

"யோசிக்கேல்லையோ! மைல்கட்டை எல்லாம் எண்ணத் தெரியுது."

"சீனியர் படிச்சவர் எல்லே," என்றார் தங்கையின் புருஷன். "துடக்கு உந்தப் பாடத்திலை வராது."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. திரும்பிப் போகவும் ஏலாது, டிறைவருக்குப் பாதிக் காசு கொடுத்தாயிற்று. கடைசியில் சட்டம்பியாரே தீர்ப்புச் சொன்னார். வேலிக்கு வெளியே ஐந்து நிமிஷம் நிற்கலாம். ஒன்றையும் தொடக்கூடாது. பார்த்துவிட்டு அவர்களோடேயே ஏறிக் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். அம்மா தலையாட்டினார் என்றுதான் நினைத்தேன். கார் குலுங்கியதில் தலை ஆடியதோ, தெரியாது.

ஒட்டுசுட்டானில் கார்ச் சத்தம் கேட்டு அக்கா பிள்ளையோடு படலைக்கு வந்துவிட்டார். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "அம்மா" என்றார், அவ்வளவுதான். அம்மா பொட்டலத்தோடு இறங்கினார். முழங்கால் வாதக்காரி நேரே நடந்து போய்ப் படலையைத் திறந்து, உள்ளே போய், பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"என்னணை இது!" என்று காருக்குள்ளிருந்து ஒரு குரல்.

அம்மா திரும்பினார். "நீங்கள் போங்கோ. என்ரை பயணம் இவ்வளவுந்தான். திரும்பி வர எனக்கு இடம் வேண்டாம்."

நானும் கதவைத் திறந்தேன். சட்டம்பியார் என் தோளில் கை வைத்தார். "நீரும் இறங்கினால் எங்களை ஆர் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? மிச்சக் காசு உம்மட்டைத்தானே?"

"வரேக்கை வாறன் அக்கா," என்றேன். அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. அம்மாவின் தோளில் முகத்தை வைத்திருந்தார்.

பொங்கல் எப்படி நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நின்றேன், கும்பிட்டேன். காலையில், யாழ்ப்பாணம் போக வழி தேடி நின்ற முள்ளியவளை வியாபாரி ஒருவரை அம்மாவின் இடத்தில் ஏற்றி இரண்டரை ரூபாய் வாங்கினேன். அம்மா பிறகு ஊர் திரும்ப, வண்டிக்கும் ரயிலுக்கும் அது போதும்.

திரும்புகையில் டிறைவர் எனக்காகக் காரைச் சற்றுத் தள்ளி நிறுத்தினார். அம்மா படலையடிக்கு வந்தார். இரவு உறங்காத கண், ஆனால் முகம் தெளிந்திருந்தது. "கொக்கா இரண்டு வாய் திண்டவள்" என்று அக்காவைச் சொன்னார்.

கடதாசியில் சுற்றிய காசை நீட்டினேன்.

"கையிலை தராதை மோனை. உதிலை வை. நீ அவையளோடை இருந்து போக வேணும்."

என் காலடியில், மண்ணில், கடதாசிச் சுருளை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அம்மா குனிந்து எடுத்தார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து, நான் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். தூக்கம் கலைந்து அது முகத்தைச் சுளித்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். டிறைவர் ஹோர்ன் அடிக்கும்வரை பார்த்தேன்.