கீறல் விழுந்த கைகள்

கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, கையில் நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் என் பூனை. தறியில் ஓடும் பாவு நூலில் முடி ஒட்டுகிறது, பூனையை எங்காவது விட்டுவிட்டு வா என்றார் முதலாளி. நான் வேலையை விட்டுவிட்டேன்.

எட்டாவதோடு படிப்பை முடித்தவனுக்கு வேலை போவதும் வருவதும் புதிதில்லை. படுக்க இடம்தான் சிக்கல். பூனையோடு போனால் எந்த லாட்ஜிலும் அறை கிடைக்காது.

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலாள் தேவை என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். தோப்புக்கார அம்மா என்னைவிடப் பூனையைத்தான் அதிகம் விசாரித்தார். போன வருடம் வெளியிலிருந்து வந்த பூனை ஒன்று நோயைக் கொண்டுவந்து, அவருடைய மூன்று பூனைகளில் ஒன்று செத்துப்போனதாம்.

“நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க. அவங்க ஊசி போட்டுட்டுத்தான் வரோணுங்க” என்றார்.

பஸ் ஏறி, வழியில் காந்திபுரத்தில் இறங்கி ஒரு கால்நடை டாக்டரைத் தேடிப் பிடித்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். ஊசி ஒரு நொடியில் இறங்கியது. அதே நொடியில் பூனை என் கையை முழங்கை வரை உழுதுவிட்டு மருந்து அலமாரியின் மேல் ஏறிக்கொண்டது. இறக்குவதற்குள் இன்னொரு கையும் போயிற்று. அடுத்த மாதம் இரண்டாவது ஊசி, அதுவரை மற்றப் பூனைகளோடு சேர்க்கக் கூடாது என்று சொன்ன டாக்டர், என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார். அங்கே எனக்கு இரண்டு தோளிலும் ஊசி. இன்னும் சில முறை வரவேண்டுமாம்.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பூனை தனியாக இருக்க வேண்டும் என்றதும், காவலாளுக்கு வைத்திருந்த மோட்டார் ரூமை அம்மா அதற்குத் திறந்துவிட்டு ஃபேனையும் போட்டார். எனக்குத் தேங்காய்க் களத்தில் கயிற்றுக் கட்டில். பிறகுதான் என் கைகளைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“ஏனுங்க, இத்தனை கீறியும் அதைய உடாமப் புடிச்சீங்களா?”

ஆமாங்க என்றேன். அலமாரியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அவருடைய இரண்டு பூனைகளுக்கும் ஊசி போடும் நாள் எப்போதோ தாண்டிவிட்டது. பிடிக்கப் போன கடைசி ஆள் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லையாம்.

மறுநாள் விடிந்ததும் என் கையில் ஒரு மூடி போட்ட கூடையைக் கொடுத்தார். தோப்புக் காவல் எங்கேயும் போகாது என்றார்.

“ரெண்டு பேரும் ஓட்டு மேல இருக்கறாங்க. பாத்துக் கூட்டிட்டு வாங்க கண்ணு.”

நான் ஏணியைச் சாய்த்து ஏறினேன்.