ஒரு குழாய்ச் சேதி

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி எப்போது ஏறும் என்பது ஒரு சொல்லைக் கேட்டால் தெரிந்துவிடும். ரத்தம் எடுக்கும் சேதி அக்கா "ஆனா" என்று சொன்னார் என்றால் ஊசி உள்ளே போயாயிற்று.

"பெங்குவின்ல ஒரு வகை இருக்குங்க. அடைகாக்குற நேரத்துல அது நிம்மதியாப் படுத்துத் தூங்கவே தூங்காதாம். ஆனா..."

கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே என்ன என்று காத்திருப்பார். அந்தக் கண்ணிமைப்பில் காரியம் முடிந்திருக்கும்.

"...நாலு நாலு நொடியா, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல தூங்கிடுதாம். கணக்குப் பார்த்தா பதினோரு மணி நேரம் வருது." இதற்குள் குழாய் நிரம்பி, ஊசி வெளியே வந்து, பஞ்சும் வைத்தாயிற்று. அப்புறம்தான் மிச்சத்தைச் சொல்வார். "எங்க வீட்டுக்காரரு டிவி முன்னாடி தூங்குவாரே, அதே மாதிரி. சேனலை மாத்தினா மட்டும் முழிச்சுக்குவாரு."

சிரிப்பு பஞ்சு வைத்த பிறகுதான் வர வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போது சிரித்தால் கை ஆடும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் அதே அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இயந்திரத்தில் மாதிரிகளை ஏற்றுகிறவன். எட்டு வருடமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். அவர் படித்தது பத்தாம் வகுப்பும், அதற்கு மேல் ஒரு வருட லேப் படிப்பும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஒன்றைக் கவனித்தாராம். ஊசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் மயங்கி விழுந்தார்கள். போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட விழவில்லை. மனசுக்கு வேறு வேலை கொடுத்தால் போதும் என்று புரிந்துகொண்டார். எல்லாருக்கும் திட்டுவதற்கு ஆள் தேடித் தர முடியாது, அதனால் சேதி.

காலையில் பேருந்தில் வரும்போது செய்தித்தாளையும் போனையும் அலசி, நல்லதாக, வேடிக்கையாக இருப்பதை மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். பந்து உருட்டி விளையாடும் வண்டுத்தேனீ, புகைப்படத்தில் இருக்கும் முகத்தை அடையாளம் காணும் செம்மறியாடு, கனசதுரமாகச் சாணி போடும் ஒரு விலங்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குழாய், இரண்டு குழாய், மூன்று குழாய் என்று அளவு இருக்கும். எத்தனை குழாய் ரத்தம் எடுக்க வேண்டுமோ அத்தனை நீளச் சேதி. கையில் ரப்பர் பட்டை கட்டுவதில் தொடங்கிப் பஞ்சில் முடிய வேண்டும்.

நோயைப் பற்றிய சேதி கூடாது. ரத்தம் கூடவே கூடாது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம் என்று நான் ஒருநாள் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி, குத்துற இடத்துல நின்னுக்கிட்டு ரத்தத்தைப் பத்திப் பேசுறதா? நீங்க உள்ள போயி மெஷினைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டு இடத்தில் சரிபார்க்காத எதையும் சொல்லக் கூடாது என்பதும் அவர் தனக்கே வைத்துக்கொண்ட விதி.

அந்த விதி ஒரே ஒரு திங்கட்கிழமை தவறியது.

அன்று மேனேஜர் லீவு, கூட்டம் வாசல் வரை நின்றது. நோட்டு வேறு பையில் வீட்டிலேயே தங்கிவிட்டது, போனிலும் உயிர் இல்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் கிரேன்காரர். அடுக்குமாடி கட்டும் இடத்தில், அறுபது மீட்டர் உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து இரும்பையும் கான்கிரீட்டையும் தூக்கி வைப்பவர். காற்றில் கேபின் ஆடினாலும் அசராதவர் ஒன்றரை அங்குல ஊசிக்கு வியர்த்துக் கொட்டுவார். இதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. மாத்திரை கூடினால் ரத்தம் நிற்காது, குறைந்தால் வால்வில் கட்டிக்கொள்ளும். அதனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நீல மூடிக் குழாய் ரத்தம் எடுத்து உறைவு அளவைப் பார்த்தே ஆக வேண்டும். முன்பு இரண்டு இடங்களில் பாதியில் எழுந்து ஓடியவர், எங்களிடம் மட்டும் ஒழுங்காக வந்தார். சேதிக்காகத்தான் வந்தார். கேட்டதை மறுநாள் வேலையிடத்தில் டீ நேரத்தில் சொல்லுவாராம். அங்கே அவருக்கு அதில் ஒரு மதிப்பு.

அன்று அக்கா, பள்ளியில் எப்போதோ படித்த நினைவை எடுத்துவிட்டார்.

"நீங்க உயரத்துல இருந்து பார்க்குறவரு, உங்களுக்குத்தான் இந்தச் சேதி. மனுசன் கட்டினது எதுவும் நிலாவுல இருந்து பார்த்தாத் தெரியாது. ஆனா... சீனப் பெருஞ்சுவர் மட்டும் தெரியுமாம்."

அன்று வந்தவர்களில் பதினாறு பேருக்கு அதே சுவர்தான்.

வீட்டுக்குப் போனதும், சொன்னது உறுத்தி, தேடிப் பார்த்திருக்கிறார். நிலாவுக்குப் போய் வந்தவர்களே அப்படி எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை வந்ததும் பதிவேட்டை எடுத்தார். பதினாறு பேரின் எண்களையும் குறித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

லேபில் இருந்து போன் என்றால் எல்லாருக்கும் ரிப்போர்ட் நினைவுதான் வரும். "நேத்து உங்ககிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்" என்று அவர் ஆரம்பிக்க, எதிர்முனையில் ஓர் அம்மா அழவே தொடங்கிவிட்டார். சுவர் என்று தெரிந்ததும், "அட போம்மா! நான் சுகரோன்னு நெனச்சு உயிரே போச்சு!" என்று திட்டினார். ஒரு பெரியவர், மகள் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு, வெகு அன்பாக, "அதனால என்னம்மா. எனக்குக் காது கேட்காது. உங்க வாய் அசையுறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், வலி தெரியாது" என்றார். பதினைந்து பேர் எடுத்தார்கள். கிரேன்காரர் எடுக்கவில்லை.

அடுத்த முறை வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டார். ஆனால் நான்காவது வாரம் அவர் வரவில்லை. ஐந்தாவது வாரமும் இல்லை. ஆறாவது வாரம் அக்கா அவர் வீட்டு எண்ணுக்கு அடித்தபோது கிரேன்காரரின் மனைவி எடுத்தார்.

"நீங்கதானா அது? நிலாவுலேருந்து சுவர் தெரியும்னு சொன்ன புண்ணியவதி? இவரு போயி சைட்டுல சொல்லியிருக்காரு. அங்க சிக்னல் காட்டுறவரு ஒருத்தரு கணக்குப் போட்டுக் காட்டிட்டாராம். அதுலேருந்து எல்லாரும் இவரை நிலான்னுதான் கூப்பிடுறாங்க. வாக்கி டாக்கியிலயே 'நிலா, கம்பியை இறக்கு'ன்னு. மனுசன் ரெண்டு நாளு சாப்பிடல."

"டெஸ்டுக்கு மட்டும் வரச் சொல்லுங்கம்மா. ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு."

"நானும் சொல்லாமலா இருக்கேன்? அந்த நாற்காலியில உட்கார்ந்து அவங்க மூஞ்சியைப் பார்க்க முடியாதுங்கிறாரு. வேற இடத்துக்குப் போனா மயக்கம் வருமாம். அதனால எங்கயும் போகல."

அக்கா போனை வைத்தார். பிறகு, வீடு தேடிப் போய் ரத்தம் எடுக்கும் பெட்டியை இறக்கி, நீல மூடிக் குழாய்கள் இரண்டை உள்ளே வைத்தார். "தம்பி, நீங்களும் வாங்க. மயங்கி விழுந்தாத் தாங்கிப் பிடிக்க ஆள் வேணும். நான் ஒருத்தியாத் தாங்குற உடம்பு இல்ல அது."

அவர் வேலை செய்யும் கட்டடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே சாப்பாட்டு நேரம். காவலாளி தலைக்கவசங்கள் கொடுத்து உள்ளே விட்டார். எல்லாரும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிரேன் கேபினில் மட்டும் ஆள் இருந்தார். அக்காவின் வெள்ளைக் கோட்டை மேலேயிருந்தே பார்த்துவிட்டார் போல. கீழே நின்று கை காட்டி, வாக்கி டாக்கியில் பேசிச் சுமையை ஏற்றி இறக்க வழி சொல்லும் சிக்னல்காரரின் கையில் கருவி கரகரத்தது.

"அவங்களைப் போகச் சொல்லு. நான் இறங்க மாட்டேன்."

"நிலா, உன்னைப் பார்க்கத்தான் ஆள் வந்திருக்கு" என்றார் சிக்னல்காரர். சுற்றிலும் சிரிப்பு.

அக்கா அவரிடம் கை நீட்டினார். "அதை இப்படிக் குடுங்க. எதை அழுத்தணும்?"

அந்த அலைவரிசையில் அங்கே இருபது முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா பொத்தானை அழுத்திக்கொண்டு, எங்கள் அறையில் பேசும் அதே குரலில் பேசினார்.

"அண்ணே, நான்தான். சுவர் தெரியும்னு சொன்னது நான். சரிபார்க்காமச் சொன்னேன். தப்பு முழுக்க என்னோடது. கேட்டதை நம்பினது உங்க தப்பு இல்ல. யாராவது யாரையாவது நிலான்னு கூப்பிடணும்னா என்னைக் கூப்பிடுங்க. என் நம்பர் லேப் போர்டுல இருக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. அக்கா கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எப்படிக் கணக்குப் போட்டீங்க? எனக்கும் சொல்லுங்க" என்று சிக்னல்காரரிடம் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "பெரிய கணக்கெல்லாம் இல்லீங்க. சுவர் எவ்வளவு நீளமா இருந்தா என்ன? அகலம் சில மீட்டர்தான், நெறமும் மண்ணு மாதிரி. மூணே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி நின்னாத் தெரியுமா? இந்த லைன் நூலை அவரு கேபின்ல இருந்து பார்த்துடுவாரா?" கொத்தனார்கள் வரிசை பிடிக்கும், மண் நிறமேறிப்போன நூல்கண்டைக் கால் பக்கத்திலிருந்து எடுத்துக் காட்டினார்.

"பார்த்துடலாமே" என்றார் அக்கா.

நூலின் ஒரு முனையைச் சிக்னல்காரர் பிடித்தார். மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டு, மண்ணில் ஐம்பது அடி பின்னால் நடந்தார். நடுவில் நான் மிதித்துக்கொண்டு நின்றேன். சிக்னல்காரர் கருவியில், "அண்ணே, கீழ பாருங்க. என்ன தெரியுது?" என்று கேட்டார். அவர் அண்ணே என்று சொன்னதை எல்லாரும் கவனித்தார்கள்.

கரகரப்பு. "மூணு பேர் தெரியுது. ஒரு வெள்ளைக் கோட்டு. நடுவுல ஒரு ஒல்லி."

"கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எதுக்கு இப்படித் தள்ளித் தள்ளி நிக்கிறீங்க?"

கீழே ஒரே ஆரவாரம். நூல் என்று சொன்னதும், "நூலா? எங்க? சத்தியமாத் தெரியல!" என்று மேலேயிருந்து கத்தினார். "அடச்சே. பதினேழு வருசமா மேலதான் உட்கார்ந்திருக்கேன். இது எனக்குல்ல முதல்ல தெரிஞ்சிருக்கணும்" என்ற குரல் சிரித்துக்கொண்டிருந்தது. ஏணியில் கால்கள் தெரிந்தன.

சைட் அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து எடுத்தோம். நீல மூடிக் குழாயில் ஒரு கோடு உண்டு. உள்ளே முன்பே கொஞ்சம் திரவம் இருப்பதால் ரத்தம் சரியாக அந்தக் கோடு வரை வர வேண்டும், குறைந்தால் அளவு பொய் சொல்லும். சன்னலில் பத்துத் தலைகள் எட்டிப் பார்க்க, கிரேன்காரர் நூல் தெரியாத கதையை அவர்களுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு குழாயிலும் ரத்தம் கோட்டைத் தொட்டது.

மாலை நான்தான் அதை இயந்திரத்தில் ஏற்றினேன். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டியது ஒன்று புள்ளி ஆறு என்று வந்தது. சந்தேகத்துக்கு இரண்டாவது குழாயையும் ஏற்றினேன். அதே ஒன்று புள்ளி ஆறு. இவ்வளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா அப்போதே அவருடைய மருத்துவரைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலமே வரவழைத்துச் சோதித்து, ஊசி மருந்து கொடுத்து, மாத்திரையின் அளவையும் மாற்றினார்கள். வால்வில் எதுவும் கட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தாராம், முடிக்கவில்லையாம்.

அடுத்த சில வாரங்கள் கிரேன்காரர் சில நாளுக்கு ஒருமுறை வந்துபோனார். அளவு சீரான பிறகு ஒரு காலை, சட்டைக் கையைத் தானே மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னிக்குச் சேதி நான் சொல்றேன். நீங்க வேலையைப் பாருங்க."

அக்கா பட்டையைக் கட்டினார்.

"என் கிரேனுக்கு மேல ஒரு காக்கா கூடு கட்டியிருக்கு. குச்சியே கிடையாது. அத்தனையும் சைட்டுல கம்பி கட்டுறோமே, அந்தக் கட்டுக் கம்பி. பிரிச்சுப் போட்டுடுன்னு இன்ஜினியர் சொன்னாரு. ஆனா..."

ஊசி ஏறியது.

"...உள்ள மூணு முட்டை. அதனால குஞ்சு பறக்குற வரைக்கும் அந்தப் பக்கம் கைவைக்கிறதில்லைன்னு... ஏங்க! 'ஆனா' சொன்னது நானு. நீங்க எப்படிக் குத்தலாம்?"

"சொல்றது யாரா இருந்தா என்ன, குத்துறது நான்தானே" என்று பஞ்சை வைத்தார் அக்கா. கிரேன்காரர் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்த குழந்தை ஒன்று விழித்துக்கொண்டது. பையிலிருந்து ஒரு பழப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்து, "வீட்டுல குடுத்தனுப்பினா. உங்களைத் திட்டினதுக்காம்" என்றார்.

அவர் போன பிறகு அக்கா நோட்டை எடுத்தார். காகத்தை எழுதி, பக்கத்தில் ஒரு குழாய் என்று போட்டார். சரிபார்த்தது என்ற இடத்தில், கிரேன்காரர், நேரில் கண்டது என்று எழுதினார். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு தலைப்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். "திருத்தியவர்கள், நன்றியுடன்." முதல் பெயர் சிக்னல்காரருடையது. அதன் கீழே நிறைய இடம் விட்டிருந்தார்.

அன்றைய குழாய் இரண்டு புள்ளி எட்டு காட்டியது. கண்ணாடியைத் தட்டி விரல்களால் காட்டினேன். அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அடுத்தவருக்குப் பட்டை கட்டத் தொடங்கினார்.